கோட்டாவா, உள்ளே வந்தபிறகு கைகொடுப்பதா?

பல்கலைக்கழகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்றால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று கோட்டா, அதாவது இட ஒதுக்கீடு. இலங்கையில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா தோட்டத்துப் பிள்ளையும் மன்னார்ப் பிள்ளையும் கம்பஸ் வர இது உதவுகிறது, மறுக்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த 1970களின் தரப்படுத்தலை வீட்டில் கேட்டு வளர்ந்த நமக்குக் கோட்டா என்ற சொல்லே கொஞ்சம் கசக்கும்.

மற்றது, வந்தபிறகு செய்வது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்த முதல் கிழமை, விரிவுரை ஆங்கிலத்தில், அறிவித்தல் பலகை முழுக்கச் சிங்களத்தில், நான் விளங்காமல் பார்த்துக்கொண்டு நிற்க, கன்டீனுக்குப் போன ஒரு சீனியர் அக்கா, “தங்கச்சி, நாளைக்கு டியூட்டோரியல் வகுப்பு இல்லை, வெள்ளிக்கிழமைதான்” என்றார். தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று, பலகைக்கு அது தெரியவில்லை போல.

சரி, எது மேல்? கோட்டாவை எடுக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் புதிதாகக் காசு இருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கும் முதலாம் வருட ஆங்கில வகுப்புக்கும்தான் கொடுப்பேன். அந்த அக்கா அடுத்த வருடமே பட்டம் வாங்கிப் போய்விட்டார்.