இராமநாதபுரத்தில் சூப்பர் 8 சுருள்களை நம்பிக் கொடுக்கலாம்

வாப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் எடுத்த சூப்பர் 8 சுருள்கள் (வீட்டுப் படம் எடுக்கும் 8 மி.மீ. சினிமா ஃபிலிம்), கீழக்கரை வீட்டு மாடியறையில் பிஸ்கட் டின்களுக்குள் கிடந்தன. சென்னைக்குக் கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. இராமநாதபுரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றின் பின்னறையில் பழைய ஃபிலிமை ஸ்கேன் செய்து கணினிக் கோப்பாக மாற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை முடிந்து சுருள்கள் வீடு வந்துவிட்டன. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, பரணில் ஃபிலிம் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்டுடியோ அண்ணன் டின்னைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்த்தார். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியாகி, காடி வாடை அடிக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். இறுக மூடிய டின் பாதுகாப்பு என்றுதான் உம்மா அதில் வைத்திருந்தார். ஆவி வெளியேற வழியில்லாததால் அதுவே கெடுதலாகியிருக்கிறது. வாடை வந்த சுருள்களை உடனே பிரித்து வைத்து, அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்தார். ஃபிலிமைத் தெரிந்த கை என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், சுவரில் படத்தை ஓட்டி அதை வீடியோ கேமராவால் எடுத்து டிவிடி போட்டுக் கொடுத்தார்கள். படம் முழுக்க மினுமினுப்பு, ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. இங்கே புரொஜெக்டரே கிடையாது. சுருங்கிப்போன ஃபிலிமைப் புரொஜெக்டரில் ஏற்றினால் அதன் பற்கள் துளைகளைக் கிழித்துவிடும் என்கிறார் அண்ணன். அவருடைய சிறிய இயந்திரம் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நிறுத்திப் படம் பிடிக்கிறது. 50 அடிச் சுருளில் 3,600 சட்டங்கள். திரையில் 3 நிமிடம் 20 விநாடி ஓடுவதை ஸ்கேன் செய்ய அரை மணி நேரம் ஆகிறது.

ஃபிலிம் துண்டுகளை இணைத்த ஒட்டு விட்டுப்போன இடங்களையும் சரிசெய்து தந்தார். ஒரு சுருள் ஃபியூஜியின் சிங்கிள் 8. கோடாக்கின் சூப்பர் 8 வந்த அதே 1965இல் வந்தது. ஃபிலிம் அளவும் ஒன்றுதான். ஆனால் அசிடேட் அல்ல, பாலியஸ்டர் என்பதால் ஃபிலிம் பசை பிடிக்காது, டேப்தான் போட வேண்டும். தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்தார்.

நான் மனமார நன்றி சொல்ல வேண்டியது கல்யாணச் சுருளுக்காக. பெண்கள் பகுதியில் எடுத்தது அது. வெளியார் பார்ப்பதில் வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, ஃபிலிமை மாட்டித் தந்து, லாத்தாவை (என் அக்காவை) இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, அண்ணன் வெளியே போய்விட்டார். கோப்பு நேரே எங்கள் மெமரி கார்டில் ஏறியது. கடைக் கணினியில் பிரதி இல்லை.

குறைகளும் உண்டு. முதல் பிரதி விநாடிக்கு 20 சட்டங்களில் ஓடியதால் எல்லோரும் அவசரமாக நடந்தார்கள். எடுத்தது 18 சட்டங்களில். சொன்னதும் மாற்றிக் கொடுத்தார். கேட்காமலே செய்திருக்க வேண்டியது. வெளிச்சத்தை இயந்திரமே தீர்மானிப்பது இன்னொரு தொல்லை. சேதுக்கரைக் கடற்கரைக் காட்சியில் பளிச்சிடும் மணலுக்கு ஏற்ப அது வெளிச்சத்தைக் குறைக்க, முகங்கள் கறுத்துவிட்டன. கையால் சரிசெய்து மறுபடி எடுத்தும் பாதிதான் தேறியது. கோடாக்ரோம் என்ற கோடாக் வண்ண ஃபிலிமில் அந்த முகங்கள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உம்மாவின் சேலைச் சிவப்புகூட மங்கவில்லை.

அதனால்தான் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கோப்பு வந்துவிட்டது என்று ஃபிலிமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாய். இதைவிட நல்ல இயந்திரம் நாளை வரும்." மாமா இராமேசுவரத்தில் தலைமன்னார் கப்பலேறும் காட்சி ஒரு சுருளில் இருக்கிறது. அந்தக் கப்பல் 1984இல் நின்றுவிட்டது. மறுபடி எடுக்க முடியாத காட்சிக்கு மூலம் கையில் இருந்தே ஆக வேண்டும். டிவிடி கிடைத்ததும் சுருள்களைப் பழைய சாமான்காரரிடம் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஓரத்தில் பழுப்புக் காந்தக் கோடு உள்ள ஒலிச் சுருளை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தன் இயந்திரம் ஒலியைப் படிக்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கழுவாத கோடாக்ரோம் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் இருந்தது. அதற்கான வண்ணக் கழுவல் 2010 முடிவோடு உலகத்திலேயே நின்றுவிட்டது; கறுப்பு வெள்ளையில் மட்டுமே கழுவ முடியும், அதுவரை திறக்காதீர்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

50 அடிச் சுருளுக்கு 500 ரூபாய். ஒட்டு வேலைக்குத் தனியாக வாங்கவில்லை. சுருள்களைக் காற்றுப் புகும் அட்டைப் பெட்டிகளில் போட்டுத் தருகிறார். ஐப்பசி மழைக்கு முன்பே கொண்டுபோய்விடுங்கள். முகூர்த்த நாட்களில் அவர் கடையில் இருக்கமாட்டார்.