சவுக்கு மரத்துக்குக் கவ்வாத்து எதற்கு?

எங்கள் வீடு ஹட்டன் பக்கம், சரிவை வெட்டிச் சமப்படுத்திய பத்து பேர்ச்சஸ் காணி. பின்னால் மண்திட்டின் மேல் இரண்டு சவுக்கு மரங்கள். (இந்தியாவில் சவுக்கு என்றால் வேறு மரம். இங்கே இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு நிழலாக நட்ட கிரெவில்லியாவைத்தான் அப்படிச் சொல்கிறோம்.) கிளை சட்டென்று முறியும் மரம். ஜூன், ஜூலைக் காற்றில் தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் தூக்கம் வராது.

அடியோடு சாய்ப்பது ஒரு வழி. பலகைக்கு விற்றால் காசும் வரும். மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்தாலோ, அடிமரம் உக்கினாலோ வேறு யோசனையே வேண்டாம். ஆனால் சரிவில் அது அவ்வளவு லேசில்லை. வெட்டிய மரத்தின் வேர் சில வருடங்களில் உக்கும், மண்ணின் பிடி அப்போதுதான் விடும். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த பிறகு திட்டு மண்ணில் கைவைக்கவே பயம். பலா, ஈரப்பலா என்றால் வெட்ட அனுமதியும் வேண்டும்.

தலையை வெட்டுவதா, கிளை கழிப்பதா என்பதுதான் எங்கள் வீட்டில் நடந்த சண்டை. அப்பா முப்பது வருடம் மலையில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டித் தளிர்க்க விடுகிற வேலை. "தேயிலை தளிர்க்கலையா? இதுவும் தளிர்க்கும்" என்றார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மரத்தின் தலையை எடுத்தோம். அவர் சொன்னபடியே தளிர்த்தது. வினையே அந்தத் தளிர்தான். வெட்டுவாயைச் சுற்றி விளக்குமாறு கட்டினது போலக் குச்சிகள். அவை மேல்பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வளர்பவை, மரத்துக்குள் பிடிப்பில்லை. மூன்றாம் வருடம் கைப்பருமனான ஒன்று உரிந்து விழுந்து, குசினிக் கூரையில் இரண்டு தகரம் போனது. அதற்குள் இரண்டு தடவை ஆள் பிடித்துக் குச்சிகளை வெட்டியாயிற்று. மலிவென்று நினைத்த வேலைக்குக் கூலி கொடுத்து முடியவில்லை.

மற்ற மரத்துக்கு, கயிறு கட்டி ஏறிக் கிளை கழிக்கும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டோம். கூலி இரண்டு மடங்கு. ஏறுவதற்கு முன் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டார். பெரிய கிளை ஒவ்வொன்றுக்கும் மூன்று வெட்டு: அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் கீழிருந்து அரைவாசி, அப்புறம் மேலிருந்து. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழுந்த பிறகு, மிச்சக் கட்டைக்கு, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்திலுள்ள கழுத்துப் புடைப்புக்கு வெளியே மூன்றாவது வெட்டு. கால்வாசிக்கு மேல் கொப்பு எடுக்க மாட்டேன் என்றார். நான் வாங்கி வைத்திருந்த தாரையும் பூச விடவில்லை. "வேணாம் தம்பி, அதுவே மூடிக்கும்."

இரண்டு மழைக்காலம்தான் ஆகிறது, அதனால் பெரிதாக மார்தட்டவில்லை. ஆனால் வெட்டுக்காயத்தைச் சுற்றி உதடு போல ஒரு வளையம் திரண்டு, பாதி மூடிவிட்டது. காற்று இலைகளுக்குள் புகுந்து போகிறது. இதுவரை ஒரு சதமும் செலவில்லை. கழிப்பதாக இருந்தால் பெப்ரவரி, மார்ச்சில் முடித்துவிடுங்கள். மே மாத மழையில் வழுக்கும் மரத்தில் யாரையும் ஏற்றக் கூடாது.

தலை வெட்டிய மரத்தைக் காப்பாற்றலாமா என்றும் அவரிடம் கேட்டேன். ஏறி, கத்திப்பிடியால் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது, உள்ளே உக்கிப் போயிருக்கிறது. அடுத்த பெப்ரவரியில் சாய்க்கிறோம். கட்டையைத் தோண்டப் போவதில்லை. அது உக்குவதற்குள் வேர் பிடிக்கட்டும் என்று பக்கத்திலேயே ஒரு கன்று வைத்திருக்கிறோம்.