டிரம் ஸ்மோக்கரா, இரட்டைச் சுவர் பெட்டியா?

டெக்சாஸ் பாணி பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சி, 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் நிதானமாக வேக வேண்டும். அமெரிக்காவில் இதற்கான ஸ்மோக்கரை, அதாவது கரிப்புகையில் இறைச்சியை வேகவைக்கும் அடுப்பை, தாங்களே செய்பவர்கள் பலர் 200 லிட்டர் இரும்பு டிரம்மில்தான் தொடங்குகிறார்கள். அடியில் காற்றுத் துளை, கரிக்கூடை, மேலே கம்பி வலை. அவ்வளவுதான் வேலை. கொழுப்பு நேரே கரியில் சொட்டிப் புகைவதால் வரும் மணமே தனி. ஆனால் குளிர்காற்று அடித்தால் சூடு சட்டென்று இறங்கும்.

இன்னொரு வகை ஸ்மோக்கரான இரட்டைச் சுவர் பெட்டிக்கு வெல்டிங் தெரிய வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே ராக்வூல் என்ற, சூட்டைத் தடுக்கும் கல் இழைப் பஞ்சை அடைத்துவிட்டால், கொஞ்சம் கரியே இரவு முழுக்கத் தாங்கும். கதவு விளிம்பில் வெப்பம் தாங்கும் கண்ணாடி இழைக் கயிறு ஒட்டாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். சூடு ஒருமுறை 150-ஐத் தாண்டினால் லேசில் இறங்காது. அதனால் காற்று வழியை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும்.

எப்போதாவது சமைப்பவருக்கு டிரம் போதும். பனிக்காலத்திலும் சமைக்கும் ஆசை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பெட்டிதான். எதைச் செய்தாலும் சரி, உள்ளே துத்தநாகம் பூசிய தகடு மட்டும் கூடவே கூடாது. தீயருகே அதிலிருந்து வரும் புகை உடம்புக்குக் கேடு.