டெக்கன் 8-இல் கஸூயா: நீண்ட நாள் ஆடிய அனுபவம்

இருவர் மோதும் சண்டை வீடியோ கேமான டெக்கன் 8 வெளியானது 2024 ஜனவரி 26. அன்றிலிருந்து என் மெயின் கேரக்டர் கஸூயா மிஷிமாதான். நடுவில் கொஞ்ச காலம் கிளாடியோ என்ற இன்னொரு கேரக்டரை எடுத்து ஆடிப் பார்த்தேன், அதையும் கீழே சொல்கிறேன். புதிதாக ஆட வருகிறவர்கள் கஸூயா எடுக்கலாமா, ரொம்பக் கஷ்டம் என்கிறார்களே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரேங்க் சீக்கிரம் ஏற வேண்டும் என்றால் வேண்டாம். எதிரில் ஆடுகிறவரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், இவரைவிட நல்ல வாத்தியார் இந்த கேமில் கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம்.

முதலில் எல்லோரும் பயப்படும் அந்த எலக்ட்ரிக் விண்ட் காட் ஃபிஸ்ட், கஸூயாவின் மின்னல் குத்து, சுருக்கமாக எலக்ட்ரிக். முன்பக்கம் ஒரு தட்டு, விரலை எடுத்துவிட வேண்டும், பிறகு கீழே, பிறகு முன்-கீழ் மூலை, அந்த மூலை பதிவாகும் அதே பிரேமில் வலது கைக் குத்துப் பட்டன். பிரேம் என்றால் திரையில் ஓடும் ஒரு படம்; கேம் நொடிக்கு 60 பிரேம் ஓடுகிறது, ஆக நமக்குக் கிடைப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கொஞ்சம் பிந்தினால் சாதாரண விண்ட் காட் ஃபிஸ்ட் வரும். பார்க்க அதே குத்துதான், மின்னல் மட்டும் இருக்காது. பட்டுவிட்டால் இரண்டுமே லாஞ்ச் செய்யும், அதாவது எதிராளியைக் காற்றில் தூக்கிவிடும். எதிராளி தடுத்து பிளாக் ஆகிவிட்டால்தான் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும்: எலக்ட்ரிக்கை பிளாக் செய்தவர் 5 பிரேம் பின்தங்கி நிற்பார், அதாவது என்னைவிட அவ்வளவு பிந்தித்தான் அவரால் அசைய முடியும், ஆட்டம் என் கையில் இருக்கும். சாதாரணக் குத்தை பிளாக் செய்தால் நான் 10 பிரேம் பின்தங்குவேன், எதிரிலிருப்பவரின் ஜாப் (வேகமான சின்னக் குத்து) எனக்கு உறுதியாக விழும்.

இது கைக்குப் பழகும். மிருதங்கம் படிக்கிறவர்கள் ஒரு சொல்லை முதல் காலத்தில் சுத்தமாக வாசித்துவிட்டு அப்புறம்தான் வேகம் கூட்டுவார்கள், அதே வழிதான் இங்கேயும். பிராக்டிஸ் மோடில் நாம் கொடுத்த இன்புட் எத்தனை பிரேம் நின்றது என்று திரையோரத்தில் வரிசையாகக் காட்டும், அதைப் பார்த்துக்கொண்டே செய்தால் பட்டன் பிந்துகிறதா முந்துகிறதா என்று உடனே தெரிந்துவிடும், வெறுமனே கையை நம்பி நூறு முறை தட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டு பக்கமும் பழகுங்கள். திரையின் வலப்பக்கம் நிற்கும்போது இன்புட் அப்படியே திரும்பிவிடும், பலருக்கு ஒரு பக்கம் நன்றாக வரும் எலக்ட்ரிக் மறுபக்கம் வரவே வராது. மேட்ச் நடுவில் பக்கம் மாறிவிட்டால் பாதி ஆயுதம் போய்விடும். கட்டைவிரல் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், டி-பேடில் (கன்ட்ரோலரின் திசைப் பட்டன்கள்) இந்த அசைவு விரலை நன்றாகவே படுத்தும். நான் பிறகு லீவர்லெஸ் வகை கன்ட்ரோலருக்கு மாறினேன், நாலு திசைக்கும் தனித்தனி பட்டன், விரலை எடுத்துவிடும் அந்த நடுப்படி அதில் தெளிவாகக் கிடைக்கிறது.

சரி, கை பழகிவிட்டது. இனிமேல் ஜெயிக்கலாம் என்று தோன்றும் இல்லையா, அங்கேதான் கஸூயாவின் நிஜமான கஷ்டம் ஆரம்பிக்கிறது. பிராக்டிஸ் மோடில் பொம்மை மேல் வரிசையாக எலக்ட்ரிக் போடும் எத்தனையோ பேரை ரேங்க் மேட்சில் பார்த்திருக்கிறேன், குனிந்தே அவர்களை ஜெயித்துவிடலாம். ஏனென்றால் எலக்ட்ரிக் தலை உயரத்தில் வரும் அடி, குனிந்தால் மேலே போய்விடும். நேர்கோட்டில் போகும் அடியும்கூட, பக்கவாட்டில் சரியான நேரத்தில் நகர்ந்தால் படாது. கீழே அடிக்க ஹெல் ஸ்வீப் என்ற காலடி இருக்கிறது, பட்டால் அருமை, ஆனால் பிளாக் செய்துவிட்டால் நம்மையே லாஞ்ச் செய்துவிடுவார்கள். சின்னச் சின்ன அடியாகப் போட்டு, ஆபத்தில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எதிராளியின் உயிரைக் கரைக்கும் வேலைக்கு இவரிடம் நல்ல கருவி குறைவு. மற்ற கேரக்டர்களுக்கு அதுதான் சோறு.

கிளாடியோவை எடுத்தபோது இந்த வித்தியாசம் உடனே தெரிந்தது. நேராகப் புரியும் கேரக்டர், லாஞ்ச் செய்ய ஒரு திசை, ஒரு பட்டன். சில அடிகள் பட்டால் ஸ்டார்பர்ஸ்ட் நிலை வரும், அதை வைத்து அடுத்த அடி பலமாகும். என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. கஸூயாவோடு மாதக்கணக்கில் போராடிப் பிடித்த ரேங்கைச் சில வாரங்களில் நெருங்கிவிட்டேன். கூட ஆடும் ஒரு தம்பி, "அண்ணா, இவ்ளோ நாளா இதையே ஆடியிருந்தா இந்நேரம் எங்கயோ போயிருப்பீங்க" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்த வேகத்துக்குக் காரணம் கிளாடியோ மட்டும் இல்லை. எந்த அடிக்குப் பிறகு எதிராளி திறந்து நிற்கிறார், எந்தத் தொடரில் எங்கே குனியலாம் என்ற கணக்கெல்லாம் கஸூயாவை ஆடும்போது சேர்த்தது, அதைக் கிளாடியோவோடு செலவழித்தேன்.

இந்தக் கணக்கைத்தான் கஸூயா வாங்கிக் கொடுக்கிறார். தாக்கப் போவதில் இவர் சுமார். எதிராளியின் தவறுக்குத் தண்டனை கொடுப்பதில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். 10 பிரேம் பின்தங்கும் எந்த அடியை பிளாக் செய்தாலும் இடது, இடது, வலது என்று மூன்று குத்து, எதிராளி தரையில் கிடப்பார். அதையே சும்மா வீசி பிளாக் ஆகிவிட்டால் நமக்குத்தான் அடி விழும், ஆக தெரிந்து போட வேண்டும், குருட்டாம்போக்கில் போட முடியாது. குனிந்து எழும்போது போடும் ட்வின் பிஸ்டன் இன்னும் பெரிய பரிசு. ஹ்வோராங் என்ற கேரக்டரை ஆடுகிறவர் உதைமேல் உதையாகக் கொட்டிக்கொண்டே வரும்போது, முதல் சில மாதம் எல்லோரையும் போல நானும் நின்று பிளாக் செய்துகொண்டிருந்தேன். பிறகு ரிப்ளேயில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், எந்த உதை தலை உயரத்தில் வருகிறது என்று. அடுத்த முறை அதே தொடர் வந்தபோது அந்த ஒரு உதைக்குக் குனிந்து, எழும்போது ட்வின் பிஸ்டன், அவர் காற்றில். மேட்ச் முடியும்வரை அவர் அந்தத் தொடரை மறுபடி எடுக்கவே இல்லை. கிளாடியோவை மட்டும் ஆடியிருந்தால் இந்த உதையைத் தேடிப் போயிருக்கவே மாட்டேன், ஏனென்றால் தேடாமலேயே ஜெயிக்க வேறு வழி இருந்திருக்கும். கஸூயாவுக்கு அந்த வேறு வழி இல்லை. கேம் வந்தபோதே 32 கேரக்டர், அப்புறம் எடி, லிடியா, ஹெய்ஹாச்சி, கிளைவ், 2025-இல் அன்னா, ஃபாக்கும்ராம் என்று சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொருவரையும் படித்தாக வேண்டும். எனக்கு இது சுமையாகத் தோன்றியதே இல்லை, புது கேரக்டர் வரும் நாளில் ஒரு நோட்டோடு உட்காருவேன்.

இன்னொன்று தூரம். கொரியன் பேக்டாஷ் (அடுத்தடுத்து வேகமாகப் பின்னால் நகர்வது) செய்து எதிராளியின் அடி மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் காற்றில் போகும்படி நின்று, அந்தக் கை திரும்புவதற்குள் உள்ளே புகுந்து எலக்ட்ரிக். இதற்காகத்தான் இந்த கேரக்டரை நான் விடாமல் வைத்திருக்கிறேன். அந்த நொடியில் கை தானாகப் போகிறது, அதற்கு முந்தைய ஐந்தாறு நொடி முழுக்க மனம் வேலை செய்திருக்கிறது: இவர் இரண்டு முறை பின்வாங்கிவிட்டு மூன்றாவது முறை நீளமான அடியை வீசுகிறவர், இதோ இரண்டாவது முறை பின்வாங்கினார். கஷ்டமான இன்புட் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு பட்டனில் அது வந்திருந்தால் யோசிக்காமலே வீசிக்கொண்டிருப்பேன்.

கஷ்டமும் பலவீனமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முந்தைய பாகமான டெக்கன் 7 காலத்தில், 2018 டெக்கன் வேர்ல்ட் டூர் போட்டித் தொடரின் இறுதியை ஜப்பானின் ரங்சூ பாண்டாவை வைத்து வென்றார். பாண்டா பலவீனமானது என்று எல்லோரும் ஒதுக்கிய கேரக்டர், அதை ஓட்ட எலக்ட்ரிக் மாதிரியான விரல் வித்தை தேவையில்லை. 2019-இல் எவோ என்ற பெரிய சண்டை கேம் போட்டிகளில், ஃபுகுவோகாவில் எவோ ஜப்பானையும் லாஸ் வேகாஸில் எவோவையும் வென்ற பாகிஸ்தானின் அர்ஸ்லான் ஆஷ் அந்தக் காலத்தில் கஸுமியால் அறியப்பட்டவர், அடிகள் குறைந்த, நேரடியான கேரக்டர் அது. ஆக உச்சத்தில் ஜெயிக்கக் கஷ்டமான கேரக்டர் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுலபமான கேரக்டர் ஆடுகிறவர்களைக் கேவலமாகப் பேசும் பழக்கம் எனக்குத் துளியும் பிடிக்காது. திசைகூட யோசிக்காமல் அடிக்க ஸ்பெஷல் ஸ்டைல் கன்ட்ரோல் கொடுத்திருக்கிறார்கள், அதனால் வீட்டில் கேமே ஆடாதவர்கூட பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் ஆடுகிறார், அது நல்லதுதானே.

கஸூயாவுக்கு இந்த கேம் முழுக்கச் சாதகம் என்றும் சொல்ல மாட்டேன். டெக்கன் 8-இல் ஹீட் (கொஞ்ச நேரம் தாக்குதலைப் பலமாக்கும் நிலை) வந்த பிறகு முன்னேறித் தாக்குகிறவருக்குத்தான் பரிசு, பிளாக் செய்தாலே கொஞ்சம் உயிர் கரையும். காத்திருந்து அடிக்கும் ஆளுக்கு இது நெருக்கடி. 2025 ஏப்ரலில் இரண்டாம் சீசன் மாற்றங்கள் வந்தபோது ஆட்டக்காரர்கள் பெரிய அளவில் எதிர்ப்புக் காட்டினார்கள், தாக்குதல் பக்கமே இன்னும் சாய்ந்துவிட்டது என்று. நானும் அதே கட்சிதான். ஆனாலும் எத்தனை அப்டேட் வந்தாலும் எலக்ட்ரிக்கின் இன்புட் பல பாகங்களாக அதேதான், பேக்டாஷும் அதேதான். ஒரு கேரக்டரின் ஒரே ஒரு வலுவான அடியை நம்பி ஏறியவர்கள் அந்த அடி குறைக்கப்பட்ட வாரத்தில் தவித்ததைப் பார்த்தேன், என் ஆட்டத்தில் அந்த மாதிரி எதுவும் ஒரே நாளில் போனதில்லை.

ஆன்லைனைப் பற்றி ஒரு வார்த்தை. லேன் கேபிள் கட்டாயம். எதிராளி வைஃபையா வயரா என்று காட்டும், பிங் (இணைப்பின் தாமதம்) துள்ளும் ஆளோடு ஆடினால் காம்போ (தொடர் அடிகள்) நடுவில் எலக்ட்ரிக் நழுவும், சாதாரணக் காம்போவுக்கு இறங்கிவிடுங்கள், அடி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

எடுக்கத் தீர்மானித்தவர்களுக்கு: ஆரம்பத்தில் எலக்ட்ரிக்கை பிராக்டிஸ் மோடில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மேட்சுக்குள் கொண்டுவர வேண்டாம். மேட்சில் பிளாக் செய்வது, மூன்று குத்துத் தண்டனை, கீழடியை பிளாக் செய்து ட்வின் பிஸ்டன், இவை மூன்றையும் வைத்தே ஆடுங்கள். தோற்ற மேட்ச் ஒவ்வொன்றிலும் உங்களை அதிகம் அடித்த ஒரே ஓர் அடியை ரிப்ளேயில் கண்டுபிடித்து, அதற்கு என்ன பதில் என்று பார்த்துவிட்டு அடுத்த மேட்சுக்குப் போங்கள். வேவ்டாஷ் (குனிந்தபடி அலைபோல முன்னேறிப் போவது) அதற்கெல்லாம் பிறகு.