"ஃபோர்டு திரும்ப வருது சார்" என்று சொல்லி வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை விற்கிறார்கள்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ஃபிகோ தேடுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கிய வண்டிகளைக் கழுவி, பாலிஷ் போட்டு, கிலோமீட்டரைக் குறைத்து விற்கிறார்கள். அதில் ஒன்று என் தலையில் கட்டப்பட்டது. கடையின் பெயரை எழுத முடியாது. வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் நடக்கிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஏமாற்றிய விதத்தை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் ஏன் ஃபோர்டு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவராவது மறைமலை நகர் ஃபோர்டு ஃபேக்டரியில் வேலை பார்த்திருப்பார்கள். என் சித்தப்பா ஐகான் கார் வந்த புதிதில் பெயின்ட் ஷாப்பில் சேர்ந்து, 2022இல் மூடுகிற வரை அங்கேயே இருந்தவர். ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எல்லாம் அவர் கைபட்டுப் போனவை. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்டே இங்கிருந்து கப்பலேறியதுதான். ஃபோர்டு பிறந்த ஊருக்கே நம் ஊர் ஆட்கள் செய்த கார் போனது என்பதில் எங்களுக்கு இருக்கிற பெருமை சாதாரணமானதல்ல. இந்தப் பாசம் எங்களுக்கு இருக்கிறது என்பது பழைய கார் வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிடித்துத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள்.

2024 செப்டம்பரில், முதலமைச்சரின் அமெரிக்கப் பயணத்தை ஒட்டி, சென்னை ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. டிவியில் செய்தி ஓடியது. அந்தச் சூட்டில்தான் நான் கடைக்குப் போனேன். 2018 மாடல் டீசல் ஈகோஸ்போர்ட், டைட்டானியம் என்ற வேரியன்ட். ஒரே ஓனர், 48,000 கிலோமீட்டர் என்றார் கடைக்காரர். "நூத்திருபது வருஷக் கம்பெனி சார். இரும்பு மாதிரி வண்டி. ஃபோர்டு திரும்ப வருது, பார்த்தீங்கல்ல? இன்னும் மூணு மாசத்துல இதே வண்டி ஒரு லட்சம் ஏறிடும்."

தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். அவர் என்ஜினைப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், குறை சொல்ல எதுவும் இல்லை. தரை மேட்டிங்கைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். "புதுசா ஒட்டினது சார், கிழிஞ்சா யார் பொறுப்பு?" என்று கடைக்காரர் தடுத்துவிட்டார். புது மேட்டிங், புது சீட் கவர், உள்ளே தூக்கலாக ஏர் ஃப்ரெஷ்னர் வாசனை. பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டதற்கு, "அது லாப்ஸ் ஆயிடுச்சு சார், உங்க பேர்லயே புதுசா போட்டுத் தர்றோம், எங்க செலவு" என்றார். கேட்க நல்ல மனிதர் பேச்சாகத்தான் இருந்தது. அந்தப் பழைய பாலிசியைக் கண்ணில் காட்டாமல் இருப்பதற்குத்தான் அந்தச் செலவு என்று பிறகுதான் தெரிந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வண்டியின் கரண்ட் வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், தானாகத் திறக்கும். ஏ.சி. ப்ளோயர் நின்று நின்று ஓடும். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது, அடுத்து ஏர்பேக் விளக்கு. ஒருநாள் இரவு சிங்கப்பெருமாள் கோவில் அருகே மீட்டர் முழுக்க இருண்டுபோனது. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

கடைக்குப் போனேன். அதே ஆள், அதே நாற்காலி. "ஃபோர்டுல இதெல்லாம் சகஜம் சார். கம்பெனியே நாட்டை விட்டு ஓடிப்போச்சு. பார்ட்ஸ் கிடைக்காது. நீங்க ஓட்டுற விதமும் இருக்குல்ல?"

விற்கும்போது திரும்பி வருகிற கம்பெனி, புகார் சொல்லும்போது ஓடிப்போன கம்பெனி. இந்த இரண்டு கதைதான் இந்த வியாபாரத்தின் முதலீடு.

அப்போது சித்தப்பா ஹோசூரில் வேலை கிடைத்து அங்கே இருந்தார். பொங்கலுக்கு வந்தவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார். பேசவில்லை. பின்சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தார். சுருளின் அடியில் இருந்த கடைசி ஒரு அடி பட்டையில் காய்ந்த சேறு. ஸ்டெப்னியைத் தூக்கினார், அடியில் மணல். சீட் ஓடுகிற தண்டவாளம் முழுக்கத் துரு. "டேய், இது மழையில நனைஞ்ச வண்டி இல்லடா. டேஷ்போர்டு வரைக்கும் தண்ணியில நின்ன வண்டி" என்றார். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸைக் கழற்றினார்கள். கனெக்டர் பின் எல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பழைய பதிவைப் பார்த்தால், 2023 தொடக்கத்திலேயே வண்டி 90,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

ஆர்.சி.யில் இருந்த பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்தேன். முடிச்சூர் பக்கம் வீடு. அவர் அந்தக் கடையைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. வெள்ளத்தில் வண்டி மூழ்கியதும் இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்யக் கட்டுப்படியாகாத வண்டி என்று கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட படிவங்களோடு வண்டியை ஒப்படைத்துவிட்டார். அந்த ஓட்டை வண்டி கை மாறிக் கை மாறி இங்கே வந்திருக்கிறது. கிளெய்ம் தீர்த்த கடிதத்தின் நகலைத் தயங்காமல் கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்த இரண்டு கதையையும் எடுத்துக்கொள்வோம். உண்மை தெரிந்தால் எந்தக் கடைக்காரரும் உங்களிடம் அதை விற்க முடியாது.

நூற்று இருபது வருடக் கம்பெனி என்பது சரி. ஹென்றி ஃபோர்டு 1903இல் டெட்ராய்டில் தொடங்கியது. 1908இல் மாடல் டி வந்தது. 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் அசெம்பிளி லைன் அமைத்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. அடுத்த வருடமே தொழிலாளிக்கு நாள் சம்பளம் 5 டாலர் என்று அறிவித்தார்கள். 850 டாலருக்கு வந்த கார், 1925 வாக்கில் 260 டாலருக்குக் கிடைத்தது. சாமானியன் கார் வாங்க முடிந்தது அந்த லைனால்தான். ஃபோர்டு என்ற பெயருக்கு இன்றும் இருக்கிற மரியாதை அங்கிருந்து வருவது.

அதற்காகக் குறையே இல்லாத கம்பெனி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் மோதினால் பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கும் என்ற குற்றச்சாட்டில் சிக்கிய பின்டோ காரை, 1978இல் 15 லட்சம் வண்டி அளவுக்குத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2013இல் ஃபிகோ, கிளாசிக் கார்கள் 1.66 லட்சத்தைத் திரும்ப அழைத்தார்கள். பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் உதறுகிறது என்று புகார் செய்த ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களிடம், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பினார்கள். வாடிக்கையாளர்களை அப்படி நடத்தியதற்காக 2018இல் அங்கே ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கே முதலில் வந்த ஈகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் டூயல் கிளட்ச்தான். 2017 கடைசியில் வந்த புது மாடலில்தான் டார்க் கன்வெர்ட்டர் என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக்குக்கு மாறினார்கள். ஆட்டோமேட்டிக் தேடுகிறவர்கள் தயாரிப்பு மாதத்தை ஆர்.சி.யில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஃபோர்டு வைத்திருப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே குரலில் சொல்வது: ஸ்டீயரிங் சுகம், நெடுஞ்சாலையில் வேகம் போனாலும் அசையாத உறுதி, கதவைச் சாத்தினால் கேட்கிற கனம். பத்து வருடம் ஓட்டியவர்கள்கூட விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் செலவு கூடுதல், சில பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் அவர்களே சொல்வதுதான். ஆயில், ஃபில்டர், பிரேக் சாமான்களுக்குப் பிரச்சினை இல்லை. பம்பர், விளக்கு, கண்ணாடி போன்றவற்றுக்குத்தான் இழுக்கிறது. ஆக, பார்ட்ஸே கிடையாது என்பது பொய். உற்பத்தியை நிறுத்தியபோதே சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது. என் வண்டியைப் பிரித்துப் பார்த்ததே அப்படித் தொடர்கிற ஒரு சென்டரில்தான்.

ஓடிப்போன கதைக்கு வருகிறேன். ஃபோர்டு இந்தியாவுக்கு முதலில் வந்தது 1926இல், கனடா கிளையின் துணை நிறுவனமாக. 1950களில் மூடிவிட்டுப் போனவர்கள் 1995இல் மஹிந்திராவோடு சேர்ந்து திரும்பினார்கள். 1999இல் மறைமலை நகர் ஆலை, ஐகான். 2010இல் ஃபிகோ, 2013இல் ஈகோஸ்போர்ட். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். குஜராத்தின் சாணந்த் ஆலை டாடாவுக்குப் போனது. இங்கே இழப்பீட்டுத் தொகைக்காக 2022 நடுவில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சித்தப்பாவும் அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர். அந்த ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் லைனை விட்டு இறங்கியது.

திரும்பி வருகிற கதையில் வியாபாரிகள் விழுங்கிவிடுகிற வார்த்தை 'ஏற்றுமதி'. 2024 கடிதமே ஏற்றுமதிக்கான உற்பத்தியைப் பற்றியது. 2025 அக்டோபரில் போட்ட 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்ஜின் தயாரிக்க, அதுவும் 2029 முதல். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் அதற்கும் நீங்கள் வாங்கப்போகிற 2018 மாடலின் விலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைக் காட்டி விலை ஏற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வண்டி பார்க்கும்போது செய்ய வேண்டியதில் எனக்கு முக்கியமாகப் படுவது பழைய பாலிசிதான். போன வருடப் பாலிசியையும் அதற்கு முந்தையதையும் கேளுங்கள். நோ க்ளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, வருடா வருடம் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். கிளெய்ம் வாங்கினால் பூஜ்யத்துக்கு விழும். 2023 டிசம்பருக்குப் பிறகு அது பூஜ்யமாகியிருந்தாலோ, பாலிசியே இல்லையென்றாலோ, காரணம் தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை டோட்டல் லாஸ் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். அப்படி முடிந்த வண்டிதான் மலிவாக வெளியே போகிறது. ஆர்.சி.யில் இருப்பவரிடம் நேரில் பேசாமல் வாங்காதீர்கள். கடைக்காரர் எண் தர மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது. சேஸிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். பெல்ட்டை முழுசாக இழுங்கள், ஸ்டெப்னி குழியைப் பாருங்கள், மேட்டிங்கைத் தூக்க விடாத கடையில் வாங்காதீர்கள். பழைய வண்டி விற்கிற டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். என் வழக்கில் அந்த '48,000 கிலோமீட்டர், ஒரே ஓனர்' விளம்பரமும், சர்வீஸ் பதிவும், முடிச்சூர்க்காரர் கொடுத்த கடிதமும்தான் ஆதாரம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம். 50 லட்சம் வரையான வாங்குதல்கள் அங்கேயே விசாரிக்கப்படும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. மனு போட இரண்டு வருடம்தான் கெடு. 2024இல் வாங்கி, மழை நாளில் மட்டும் மீட்டர் மக்கர் செய்கிற வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பின்சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். சேறு தெரிந்தால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.