எஸ்பிளனேட் அரங்கில் ‘லே மிசராப்’: அழவைத்த மெட்டு

விக்டர் யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியாக அறிந்தவர்களுக்கு, 2016இல் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் அரங்கில் மேடையேறிய இந்த இசைநாடகத்தின் கதை புதிதல்ல. கதை முழுவதும் தெரிந்திருந்தும் கண்ணீரை அடக்க முடியாமல் போனதற்குக் காரணம், இசையமைப்பாளர் குளோட் மிஷெல் ஷோன்பெர்க் மெட்டுகளைக் கையாண்டிருக்கும் விதமே.

முதற்பகுதியில், சாகும் தறுவாயில் கிடக்கும் ஃபான்டீன், அங்கே இல்லாத தன் குழந்தையை அருகில் அழைத்து ஒரு மெட்டில் பாடுகிறாள். அதே மெட்டு, பின்னர் எப்போனீன் என்ற இளம்பெண் தன்னை விரும்பாத ஒருவனை எண்ணித் தனியே பாடும் பாடலாகிறது. இறுதியில், கதைநாயகன் ழான் வால்ழானின் உயிர் பிரியும் வேளையில், இறந்துபோன இவ்விருவரும் அவனை அழைத்துச் செல்ல வரும்போது அது மீண்டும் எழுகிறது. சொற்கள் புரியுமுன்பே நெஞ்சு அடைத்துக்கொள்வது, முந்தைய இரு துயரங்களையும் அந்த மெட்டு சுமந்து வருவதால்தான்.

கிளர்ச்சியாளர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரணில் உறங்கும் இளைஞனுக்காக வால்ழான் இறைவனை வேண்டும் பாடல், உச்சத்தில் மிக மெல்லிய குரலில் முடிகிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவர், அதை அணியாமலே மடியில் வைத்துக்கொண்டார்.

விடுதிக்காரத் தம்பதியின் நகைச்சுவைக் காட்சிகள் மட்டும் சற்று நீளம். நாடகம் மீண்டும் இங்கு வந்தால், கீழ்த்தள இருக்கைக்கு வசதியில்லாதவர்கள் தயங்காமல் மேல்மாடச் சீட்டு வாங்கலாம். குதிரை லாட வடிவிலான அந்த அரங்கில் பாடல் அங்கும் தெளிவாகவே எட்டுகிறது.