ஃபிடில் லீஃப் வாங்கப் போகிறீர்களா? கணு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஃபிடில் லீஃப், வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கும் அகன்ற இலைச் செடி. விளம்பரப் படத்தில் மூன்றடி உயரச் செடி, கீழே 'வேர் பிடித்தது' என்ற உறுதி. பெட்டியைப் பிரித்தால் சின்னத் தொட்டியில் ஒரே ஒரு இலை, காம்போடு மண்ணில் செருகியபடி. கேட்டால், "வேர் இருக்கே, வளரும்" என்று பதில் வருகிறது. வேர் இருப்பது உண்மைதான். வளரும் என்பதுதான் பொய்.

ஃபிடில் லீஃப் ஃபிக், நம் ஆலும் அரசும் சேர்ந்த அத்தி இனம். மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். அதன் இலைக்காம்பைத் தண்ணீரில் போட்டாலே வேர் விடும். ஆனால் புதுத் தளிர் வர, தண்டின் கணுவில் உறங்கும் மொட்டு வேண்டும். வெறும் காம்பில் அது கிடையாது. அந்த இலை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். தண்ணீரும் உரமும் ஊற்றி எவ்வளவு காத்திருந்தாலும் இரண்டாவது இலை வராது. இது தெரிந்தேதான் விற்கிறார்கள்.

பணம் அனுப்பும் முன், அனுப்பப்போகும் அதே செடியின் படத்தைக் கேளுங்கள். மண்ணுக்கு மேலே பென்சில் பருமனிலாவது தண்டு தெரிய வேண்டும். அதில் இலை உதிர்ந்த தழும்பு, அதற்குச் சற்று மேலே சின்னப் புடைப்பு இருக்க வேண்டும். நுனியில் பழுப்புச் சருகு போர்த்திய கூர்மையான மொட்டு இருந்தால் இன்னும் நல்லது.

நேரில் வாங்கும் பெரிய செடியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மேலே தேங்காய் நார்த்தூள் தூவியிருக்கும், உள்ளே வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை. ஊற்றும் தண்ணீர் நார்த்தூள் வழியே வடிந்துவிடும், உருண்டைக்குள் இறங்காது. ஒருமுறை ஊறிவிட்டாலோ நாள்கணக்கில் காயாது. காற்றில்லாமல் வேர் அழுகும். விரலை விட்டுப் பார்த்தால் மேல் மண்ணின் நிலைதான் தெரியும். மரக்குச்சியை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள்.

வந்த செடிக்கு இந்த உருண்டை இருந்தால், ஒரு வாரம் அப்படியே விட்டு இடம் பழகியபின் வேறு தொட்டிக்கு மாற்றலாம். அடி இலைகளின் நடுவிலிருந்து கரும்பழுப்புப் புள்ளி பரவினால் காத்திருக்கக் கூடாது, அது வேர் அழுகல். உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்துக் கையால் மெல்லக் கரையுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் நுனி வேர்கள் அறுந்துவிடும். கருத்துக் குழைந்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். கசியும் வெள்ளைப் பால் தோலை அரிக்கும், கையுறை வேண்டும். நார்த்தூள் 2 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் லேசான வெள்ளைப் பொரிகல்) 1, மண்புழு உரம் 1 கலந்து, வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் மட்டுமே அகலமான, அடியில் துளையுள்ள தொட்டியில் வையுங்கள். ஒரு மாதம் உரம் வேண்டாம். சில இலைகள் உதிரும், பயப்பட வேண்டாம். இலை ஓரம் மட்டும் மொறுமொறுவென்று காய்ந்தால் அது வேறு: தண்ணீர் போதவில்லை.

'வெளிச்சமே இல்லாத மூலையிலும் வளரும்' என்று சொல்லி விற்பதையும் நம்பாதீர்கள். கிழக்கு ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள், ஏசி காற்று நேராகப் படக் கூடாது. மேல் இரண்டு அங்குலம் காய்ந்தபின், அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

பளபளப்பு எண்ணெய் பூசிய இலையைத் திருப்பி நரம்போரம் பாருங்கள். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

பெட்டியைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். விற்றவர் பணம் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அந்த வீடியோவும், 'வேர் பிடித்த செடி' என்று போட்டிருந்த விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்; புகார் போனதும் விளம்பர வாசகத்தை மாற்றிவிட வாய்ப்புண்டு.